புழுப்படத்துக்கு நான் விட்ட இடைவேளை

"அண்ணே, அந்தக் காலத்துல கேபினுக்குள்ள உக்காந்து என்னதாண்ணே பண்ணுவீங்க?" என்று போன மாதம் ஒருவர் என்னிடம் கேட்டார். நான் முப்பத்து நான்கு வருடம் ஆபரேட்டராக இருந்த தியேட்டரை இப்போது மூன்றாகத் தடுத்து மூன்று திரை வைத்திருக்கிறார்கள். கேட்டவர் அங்கே புது மேனேஜர். படம் ஓட்டுகிற கேபினில் இப்போது ஆளே கிடையாதாம். காலையில் கம்ப்யூட்டரில் பட்டியல் போட்டுவிட்டால் படம் தானாக ஆரம்பிக்கிறது, தானாக இடைவேளை விடுகிறது, தானாக முடிகிறது. அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது.

பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன் என்பதுதான் உண்மையான பதில். அதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

தியேட்டர் கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் ஒரு ஊரில். ஊர்ப் பெயரைச் சொன்னால் தியேட்டர் யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், ஆகவே வேண்டாம். பத்தொன்பது வயதில் ரீல் சுற்றப் போனேன். விளக்குக்குக் கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டிய காலம். லைசென்ஸ் பரீட்சை எழுதித் தேறினேன், கல்யாணம் ஆனது, தலை நரைத்தது. எல்லாம் அந்த ஒரே சூடான அறையில்தான். நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. பிலிம் ஓர் இடத்தில் நின்றுவிட்டால் விளக்குச் சூட்டில் கண்ணெதிரே பொசுங்கிக் குமிழ் விடும். அதை முதல் தடவை பார்த்த அன்று எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பிறகு மூக்கு பழகிவிட்டது. பிலிம் பொசுங்கினால் ஒரு வாடை, ஒயர் கருகினால் ஒரு வாடை, துணி எரிந்தால் ஒரு வாடை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எது எது என்று சொல்லுவேன்.

என் பயத்துக்கு ஒழுங்கு கற்றுக்கொடுத்தவர் எங்கள் மேனேஜர் தட்சிணாமூர்த்தி சார். கூட்டிப் பெருக்குகிற அம்மாவைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் அழைப்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவர் ஓடியும் நான் பார்த்ததில்லை. "ஒருத்தர் ஓடுறதப் பாத்தா நாலு பேரு ஓடுவாங்க ராஜேந்திரன். நாலு பேரு ஓடினா ஹாலே ஓடும். நாம யாரும் ஓடக்கூடாது" என்பார். எங்கள் ஹாலுக்கு நான்கு கதவுகள். ஒன்றும் இரண்டும் பின்பக்கம், டீக்கடை இருக்கும் முன்கூடத்துக்குத் திறக்கும். மூன்றும் நான்கும் திரைக்குப் பக்கத்தில். மூன்று வலது கைப் பக்கம், சைக்கிள் ஸ்டாண்டுக்கு. நான்கு இடது கைப் பக்கம், சந்துக்கு. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் சார் இந்த நான்கு கதவையும் தன் கையால் தள்ளி, வெளியே ஒரு காலை வைத்து, திரும்ப உள்ளே வருவார். தாழ்ப்பாள் போடலாம், பூட்டக் கூடாது. கையால் தள்ளிப் பார்க்காத கதவை அவர் நம்பியதே இல்லை.

இன்னொரு உத்தரவும் உண்டு. "ஏதாச்சும் ஆச்சுன்னா தீ கீன்னு ஒரு வார்த்தை வாயில வரக்கூடாது. லைட்டைப் போட்டு இடைவேளை விடுங்க. நம்ம ஜனங்களுக்கு இடைவேளைன்னா கால் தானா வெளியில போயிடும்." முப்பத்து நான்கு வருடத்தில் அது ஒரே ஒரு தடவைதான் தேவைப்பட்டது. புழுப்படத்தின் நாலாம் பார்ட்டுக்கு.

புழுப்படம் என்பது எங்கள் ஊர் வைத்த பெயர். இங்கிலீஷ் படம், தமிழ் பேச வைத்து வந்தது. வேறொரு கிரகத்தில் மண்ணுக்கடியில் பெரிய பெரிய புழுக்கள் இருக்கும், கீழேயிருந்து வாயைத் திறந்துகொண்டு வரும். முதல் பாகம் வந்தபோது எங்கள் ஜனங்கள் பயந்த பயம் கொஞ்சமல்ல. வரப்பில் நடக்கும்போது காலடியைப் பார்த்தே பழகியவர்கள். காலுக்குக் கீழேயிருந்து ஒன்று வருகிறது என்றால் சும்மா இருப்பார்களா? கேபின் ஓட்டை வழியாகப் பார்த்தால் மொத்த ஹாலும் காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு காட்சியும் முடிந்த பிறகு ஒற்றைச் செருப்புகள் கிடக்கும். அவற்றை ஒரு கூடையில் போட்டு வாசலில் வைத்திருந்தோம். ஒரு படம் எவ்வளவு பயமுறுத்துகிறது என்பதை அந்தக் கூடையை வைத்தே நான் சொல்லுவேன்.

மூன்றாம் பாகத்தில் கதாநாயகனான கேப்டனைப் புழு விழுங்கிவிட்டது. பெண்கள் அழுதார்கள். ஆகவே இரண்டு வருடம் கழித்து நாலாம் பார்ட் போஸ்டரில் அதே கேப்டன் மீசை அரும்பிய முகத்தோடு நின்றதும் ஊர் குழம்பிவிட்டது. டிக்கெட் கவுன்ட்டரில் ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டார்.

"அவனத்தான் புழு முழுங்கிடுச்சே. எப்புடி வந்தான்?"

"இது அதுக்கெல்லாம் முன்னாடி நடந்த கதைங்க. அவரு வாலிபமா இருந்தப்ப நடந்தது" என்றேன்.

"முன்னாடி நடந்தத ஏன் பின்னாடி எடுத்தானுங்க?"

'இக்கதை முதல் பாகத்துக்கு முந்தையது' என்று அட்டையில் எழுதிக் கவுன்ட்டரில் தொங்கவிட்டேன். அதுதான் வினையாகப் போயிற்று. முந்தைய கதை என்று தெரிந்ததும் ஜனங்களுக்குப் பயம் விட்டுப்போய்விட்டது. முதல் நாள் காலைக் காட்சியில் சுரங்கம் இடிந்து கேப்டன் மேல் விழுகிறது. முதல் பாகமாக இருந்தால் ஹால் மூச்சை அடக்கியிருக்கும். இப்போது நடு வரிசையிலிருந்து ஒரு குரல்: "பதறாதீங்கப்பா, இவன் மூணாம் பார்ட்லதான் சாவணும்!" ஒரே சிரிப்பு. புதிதாக ஒருவன் திரையில் வந்தால், "இவன் மொத பார்ட்ல இல்ல, இவன் காலி" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். அவன் காலியானதும் கைதட்டல். காட்சி முடிந்ததும் கூடையைப் பார்த்தேன். ஒரு செருப்புகூட இல்லை. சாவு யாருக்கு என்று தெரிந்த ஜனம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பார்க்கிறது. எனக்கு அது ஏனோ பிடிக்கவில்லை.

அன்று சார் ஊரில் இல்லை. திருக்கடையூரில் அவர் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம். மதியக் காட்சிக்குள் வந்துவிடுவதாகச் சொல்லி என்னிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். காலைக் காட்சியில் இரண்டு தவறுகள் நடந்தன. கேப்டன் அறிமுகமாகும்போது என்ஜினீயரிங் காலேஜ் மாணவர்கள் மேடையேறித் திரைக்கு முன்னால் சூடம் காட்டினார்கள். பெரிய நட்சத்திரங்களின் படத்துக்கு நடப்பதுதான். நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். இரண்டாவது, நாலாம் கதவைத் திறந்து சந்து வழியாகப் பத்துப் பேர் டிக்கெட் இல்லாமல் உள்ளே வந்துவிட்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மதியக் காட்சிக்கு முன்னால் அந்தக் கதவை வெளிப்பக்கம் பூட்டினேன்.

கேட்டில் நிற்கும் ஆரோக்கியம் பக்கத்தில் இருந்தார். என்னைவிட ஆறு வயது சின்னவர், அதிர்ந்து பேசாதவர். "அண்ணே, பூட்டக்கூடாதுன்னு சார் சொல்லிருக்காரே" என்றார்.

"சாரு இல்லாதப்ப நாந்தான் சாரு. நீ போய் கேட்டப் பாரு" என்றேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த மதியக் காட்சிக்கு என் மனைவி கமலா வந்தாள். தியேட்டர்காரன் பெண்டாட்டி என்றுதான் பெயர், வருடத்துக்கு ஒரு படம் பார்த்தால் அதிகம். தெருப் பெண்கள் ஆறேழு பேர் சேர்ந்து இழுத்து வந்திருந்தார்கள். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தாள், ஆகவே முன்னால் உட்கார வேண்டும் என்றாள். நான்தான் கூட்டிப்போய் இடது பக்கம் மூன்றாவது வரிசையில், நாலாம் கதவை ஒட்டி, அவர்களை உட்கார வைத்தேன்.

படம் ஆரம்பித்துப் பத்து நிமிடம் கழித்து சார் வந்தார். கேபின் போனில் கேட்டார்: "கதவெல்லாம் தள்ளிப் பாத்தாச்சா?"

"ஆச்சு சார்" என்றேன். பூட்டியதைச் சொன்னால் திட்டுவாரே என்ற பயம். அவர் என்றைக்கும் திட்டியதில்லை, ஆனாலும் பயம்.

முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும். திரையில் சுரங்கம், புகை மண்டலம், கேப்டன் தவழ்ந்து வருகிறான். ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் திரையின் வலது ஓரம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. லென்ஸைத் துடைத்தேன். மங்கல் போகவில்லை. அது திரைக்கு வெளியே, மேடையிலிருந்து மேலே போய்க்கொண்டிருந்தது. அப்போது கீழேயிருந்து விசில். "டேய், தியேட்டர்லயே புகை விடுறாங்கடா!" இன்னொருவன், "மறுபடி சூடம் காட்டுறானுங்கடா!" என்றான். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

கேபின் கதவைத் திறந்து பால்கனியில் நின்று மூச்சை இழுத்தேன். சூடம் இல்லை. துணி. மேடைப் பலகைக்கு அடியில் பழைய திரைச்சீலைகளை நாங்கள்தான் சுருட்டி வைத்திருந்தோம். கேப்டன் அறிமுகத்துக்கு மாணவர்கள் மதியமும் காட்டிய சூடத்தில் எரிகிற துண்டு ஒன்று பலகை இடுக்கில் விழுந்திருக்கிறது.

போனை எடுத்தேன். "சார், மேடைக்கு அடியில தீ. துணி எரியுற வாடை."

"இடைவேளை விடுங்க" என்றார். 'குடிக்கத் தண்ணி கொண்டாங்க' என்பதுபோல அத்தனை சாதாரணமாகச் சொன்னார்.

படத்தை நிறுத்தினேன். கேப்டனுக்கு எதிரே புழு வாயைத் திறந்துகொண்டிருந்த இடம். விளக்குகளைப் போட்டு 'இடைவேளை' என்று ஸ்லைடு போட்டேன். ஹால் ஊளையிட்டது. "எவன்டா ஆபரேட்டரு? தூங்கிட்டியா?" என்று மேலே பார்த்துக் கத்தினார்கள். கத்திக்கொண்டே எழுந்தார்கள். சார் சொன்னது சரிதான், கால்கள் தானாக வெளியே போயின. பின் வரிசைகளும் நடு வரிசைகளும் ஒன்றாம் கதவிலும் இரண்டாம் கதவிலும் வடிந்துகொண்டிருந்தன.

முன் வரிசைகள் நகரவில்லை. இடைவேளைக்கு எழாத ஜனம் என்று ஒன்று உண்டு, அதை நாங்கள் யாருமே கணக்கில் எடுக்கவில்லை. குழந்தைக்காரிகள், இடம் போய்விடும் என்று துண்டு போட்டு உட்கார்ந்திருப்பவர்கள், வீட்டிலிருந்து முறுக்கு கட்டிக்கொண்டு வருபவர்கள். கமலா முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே மேடையின் மறு ஓரத்தில் புகை கெட்டியாகிக்கொண்டிருந்தது.

ஆரோக்கியம் மூன்றாம் கதவைத் திறந்தார். அந்தப் பக்கம்தான் புகை, காற்றுப் பட்டதும் அது குபுகுபுவென்று கிளம்பியது. உடனே மூடிவிட்டார். சார் நடு வழியில் நடந்து வந்து முன் வரிசைகளிடம் குனிந்து ஏதோ சொன்னார். ஏசி ரிப்பேர், ஐந்து நிமிடம் வெளியே நிற்க வேண்டும் என்று சொன்னாராம், பிறகு தெரிந்தது. பெண்கள் முணுமுணுத்துக்கொண்டு எழுந்தார்கள். பின்னால் போக முடியவில்லை, ஏனென்றால் டீ வாங்கப் போனவர்களில் பாதிப்பேர் சண்டை போடத் திரும்ப உள்ளே வந்து வழியை அடைத்து நின்றார்கள். சார் பெண்களுக்கு நாலாம் கதவைக் கைகாட்டினார். கமலாதான் முதலில் போய்த் தள்ளினாள்.

என் கை சட்டைப் பைக்குப் போனது. சாவி இருந்தது.

அந்த நிமிடத்தை இன்றைக்கும் என்னால் சரியாக எழுத முடியவில்லை. காதில் ஒரு சத்தமும் விழவில்லை. கமலா மறுபடியும் தள்ளுவது தெரிந்தது. அவளுக்குப் பின்னால் முப்பது நாற்பது பேர். சார் ஒன்றாம் கதவுப் பக்கம் வந்து சுவரில் இருந்த போனை எடுத்தார். என் கேபினில் மணி அடித்தது.

"நாலு தொறக்கல ராஜேந்திரன்."

"நான் பூட்டிட்டேன் சார். சாவி என்கிட்ட இருக்கு. கமலா அங்கதான் நிக்கிறா சார்." நான் அழுதுகொண்டிருந்தேன்.

"அழுகைய நிறுத்துங்க. மொகத்தத் தொடைங்க. கீழ வாங்க, முன்கூடம் வழியா சந்துக்குப் போங்க. நடந்து வாங்க. டீ குடிக்கப் போற மாதிரி. நீங்க ஓடினா உள்ள இருக்கிறவங்க ஒருத்தர ஒருத்தர் மிதிச்சிருவாங்க. வீட்டம்மாவும் அதுலதான் இருக்காங்க."

கேபின் படிகள் முப்பத்திரண்டு. நடந்தேன். முன்கூடத்தில் நூறு பேருக்கு மேல் டீயும் சமோசாவுமாக நின்றார்கள். என்னைப் பார்த்ததும் சூழ்ந்துகொண்டார்கள்.

"அண்ணே, எந்த இடத்துலண்ணே இடைவேளை விடுறது? புழு வாயத் தொறந்திருக்கு!"

"சும்மா இருடா, அவன்தான் சாவ மாட்டானே. தப்பிச்சிருவான்ல, ஆபரேட்டரே?"

ஒருவர் என் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டார். காலையில் கவுன்ட்டரில் கேள்வி கேட்ட அதே பெரியவர், மதியமும் வந்திருந்தார். "கேப்டனோட கூட ஒரு பொண்ணு வருதே, அது மொத பார்ட்ல இல்லியே. அது செத்துருமா? சொல்லுங்க, சொல்லிட்டுப் போங்க."

சாவு யாருக்கு என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று தெரியவில்லை. "அதச் சொன்னா மீதிப் படம் எதுக்குங்க?" என்று சொல்லி அவர் விரல்களை ஒவ்வொன்றாக என் சட்டையிலிருந்து எடுத்தேன். அவர் பின்னாலேயே நான்கு எட்டு வந்தார். நான் திரும்பவில்லை.

சந்தில் யாரும் இல்லை. அங்கே ஓடினேன். சாருடைய உத்தரவை மீறியது அந்த முப்பது அடி தூரம்தான். கதவின் அடி இடுக்கில் புகை வர ஆரம்பித்திருந்தது. உள்ளே இருமல். சாவி ஒரு தடவை சாக்கடை ஓரத்தில் விழுந்தது. பொறுக்கினேன். உள்ளேயிருந்து கமலாவின் குரல் கேட்டது: "தள்ளாதீங்கடி, யாராச்சும் வருவாங்க. புள்ளய மேல தூக்கு." பூட்டு திறந்தது.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசையாக வெளியே வந்தார்கள். ஒருத்திகூட விழவில்லை. எண்ண நினைத்தேன், முடியவில்லை. கடைசியாக ஆரோக்கியம் ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். புகைக்குள் திரும்பப் போய் மிச்சமிருந்தவர்களைத் தள்ளிக்கொண்டு வந்தவர் அவர்தான்.

கமலா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எந்தக் கிறுக்கன் இந்தக் கதவப் பூட்டினது?" என்றாள்.

"கேட்டு ஆளு. ஆரோக்கியந்தான்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. அதுவரை பயந்த பயம் எல்லாம் சேர்ந்து என் வாயில் அப்படி வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவர் இரண்டடி தள்ளி நிற்பதைப் பார்த்தேன். அவர் காதில் விழுந்துவிட்டது. குழந்தையை அதன் தாயிடம் கொடுத்தார். பிறகு கமலாவிடம், "தப்புதாம்மா, மன்னிச்சிருங்க" என்றார்.

மணல் வாளிகளும் தீயணைப்பு வண்டியும் சேர்ந்து அரை மணி நேரத்தில் தீயை அணைத்துவிட்டன. மேடையும் திரையின் கீழ்ப்பாதியும் போயின. ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. வெளியே கூட்டம் கலையவில்லை. தீயைப் பற்றி அவர்கள் பேசவே இல்லை. "மீதிப் படம் எப்ப சார்?" என்றுதான் கேட்டார்கள். திரை மாற்றியதும் இதே டிக்கெட்டில் வந்து பார்க்கலாம் என்று சார் கை கூப்பிச் சொன்னார். சாவுக்கு எவ்வளவு பக்கத்தில் போய் வந்தோம் என்று அந்த ஜனத்துக்குக் கடைசிவரை தெரியாது.

மறுநாள் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். சாவியைக் கேட்டு வாங்கினார். "நேத்து நடந்து வந்தீங்க பாருங்க, அது ரொம்பப் பெரிய காரியம்" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஆரோக்கியம் என்கிட்ட ஒண்ணும் சொல்லல. நீங்களும் வீட்டுல சொல்ல மாட்டீங்க போலருக்கு" என்றார். நான் தரையைப் பார்த்தேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. இப்போது அவர் இல்லை.

அதற்குப் பிறகு இத்தனை வருடங்களில் கமலா ஆரோக்கியத்தின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொண்டுவந்தார். அவர் போன பிறகு, "நாப்பது பேரக் கொல்லப் பாத்த ஆளு வீட்டுல எனக்குச் சோறு எறங்காது" என்றாள். அன்றைக்குத் தலைவலி என்று நானும் படுத்துக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பக்கம் வரும்போது தெருவில் என்னைப் பார்த்தால் அவர் இன்றைக்கும் சைக்கிளை நிறுத்தி, "நல்லாருக்கீங்களாண்ணே" என்பார். அந்தக் குரலுக்குத்தான் எனக்கு இப்போது பயம். தீக்குக்கூட நான் இப்படிப் பயந்ததில்லை.

இதுவரை எழுதியதை நேற்றுக் காலை கமலாவிடம் கொடுத்தேன். அச்சில் வந்து, பக்கத்து வீட்டுக்காரி படித்து, அவள் சொல்லித் தெரிய வேண்டாம் என்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து படித்தாள். நான் கொல்லைப்புறம் போய் நிறைந்த வாளியையே திரும்ப நிறைத்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் ஆயிற்று. வந்து நிலைப்படியில் நின்றாள்.

"அந்த மனுசன் என்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு" என்றாள்.

"அன்னைக்கு நான் அவருக்கு ஒரு பதிலும் சொல்லல. மூஞ்சத் திருப்பிக்கிட்டேன்." கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். மறுபடி போட்டுக்கொண்டாள். "சட்டையப் போடுங்க."

ஆரோக்கியம் திருவிடைமருதூர்ப் பக்கம் மகள் வீட்டோடு இருக்கிறார். பஸ்ஸில் கமலா என் பக்கத்தில் உட்காரவில்லை, முன்னால் பெண்கள் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். வழியெல்லாம் நடவு வயல். நான் ஒன்றையும் பார்க்கவில்லை. எங்கள் இருவரையும் ஒன்றாக வாசலில் கண்டதும் ஆரோக்கியம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வாங்கண்ணே. வாங்கம்மா, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

கமலா உட்காரவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"சொல்லுங்க" என்றாள்.